எட்டாவது படம்

இரணைமடு,
புதன்கிழமை.

மகள்,

சுகம் கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமைதான் உன்னை நேரில் கண்டேன், சுகமாகத்தான் இருந்தாய். ஆகவே அந்த இரண்டு வரியையும் விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்து உடைக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய், பெரியம்மா கிணற்றடிக்குப் போன பிறகு, அறைக்கதவைச் சாத்திவிட்டு வாசி. இருபத்திரண்டு வயதில், தண்ணீரூற்றில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற ரீச்சருக்கு, அதுவும் அடுத்த மாதம் கலியாணம் கட்டப்போகிறவளுக்கு, எதை எங்கே வைத்து வாசிப்பது என்று நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசித்து முடித்தபிறகு நான் ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். மாப்பிள்ளையின் தகப்பனார் பெரியம்மா வீட்டு விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, நல்ல மனுஷன், பந்தலில் தொடங்கிப் பாயாசம் வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "படம் பிடிக்க யாழ்ப்பாணத்திலயிருந்து ஸ்ரூடியோக்காரர் வாறார். நாங்கள் சொல்லிப்போட்டம்," என்றார். அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்ற நீ, "எனக்குப் படம் வேண்டாம் மாமா," என்றாய். மெதுவாகத்தான் சொன்னாய். அவருக்கு விளங்கவில்லை. கலியாணத்துக்குப் படம் வேண்டாம் என்கிற பெண்ணை அவர் எங்கே கண்டார்? பெரியம்மாதான் சமாளித்தார். "அவளுக்குச் சின்னனிலயிருந்தே கமரா எண்டா ஒரு பயம். தாயின்ர ஒரே படத்தை இழுத்துப் பழுதாக்கினவள் எல்லே, அந்த நினைப்பு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு அல்ல. நீ தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாய். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். என் கோப்பையில் மிச்சம் இருந்ததைக் குடித்தேன். பிறகு பந்தலைப் பற்றி ஏதோ கேட்டேன்.

பதின்மூன்று வருஷமாக நான் செய்துவந்தது இதுதான். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் வேறு ஏதாவது கேட்பேன்.

அந்தப் பெட்டிக் கமரா எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். மலாயாவில் வேலை பார்த்த என் அண்ணன் பென்சன் எடுத்துக்கொண்டு வந்தபோது எனக்குத் தந்தது. அவர் நினைத்தது நான் வீட்டு மனுஷரைப் படம் எடுப்பேன் என்று. நான் எடுத்தது பூச்சியை. இங்கே குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்களில், கோடையில் காட்டுக்குள் கமராவைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் காட்டுக்குப் போனால் தேனோ தடியோ பாலைப்பழமோ கொண்டுவருவார்கள். நான் வெறுங்கையோடு வந்து, "மூண்டு படம் எடுத்தனான்," என்பேன். "பூச்சிக்காரர்" என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். எனக்கு அது பெருமையாகவே இருந்தது. குளம் வற்றும்போது சேற்றில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற முதலையை எடுத்தேன், கால் நீண்ட நாரைகளை எடுத்தேன், படத்தில் அவையெல்லாம் புள்ளி புள்ளியாக வந்தன. அந்தக் கமரா எட்டடி தள்ளி நிற்கிற மனுஷருக்காகச் செய்தது. கிட்டப் போனால் எல்லாம் புகை.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி உனக்கு நன்றாக நினைவிருக்கும். அதில் உனக்கும் ஒரு உத்தியோகம் இருந்ததே. பழைய மூக்குக்கண்ணாடியிலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி, கமராவின் வாயில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். அப்போது சரியாக ஒரு முழம் தூரத்தில் இருக்கிறது மட்டும் தெளிவாக விழும். ஒரு விரல் முன்பின் ஆனாலும் கெட்டுப்போகும். ஆகவே ஒரு முழ நூலைக் கமராவில் கட்டி, நூலின் மறுநுனியை உன் கையில் தந்தேன். நீ வயிற்றால் ஊர்ந்துபோய், வண்ணத்துப்பூச்சியின் செட்டைக்குப் பக்கத்தில் அந்த நுனியைப் பிடிப்பாய். நூல் இழுபட்டு நேரானதும் நீ கையை எடுப்பாய், நான் கமராவின் விசையை அமத்துவேன். ஒன்பது வயதில் உன்னைப்போல் மூச்சை அடக்கத் தெரிந்த பிள்ளையை நான் கண்டதில்லை. உன் சட்டை முழுக்க ஆற்றுமணல். அம்மா ஏசுவாள், உன்னை அல்ல, என்னை.

அம்மாவுக்கு என் பூச்சிப் பைத்தியம் பிடிக்காது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஆனால் என்னைவிட அவள்தான் கூர்ந்து பார்த்திருக்கிறாள். நான் கனகராயன் ஆற்றில், மருத மரங்களுக்குக் கீழே, ஈரமணல் கண்ட இடமெல்லாம் மணிக்கணக்காகக் காத்திருப்பேன். நாலைந்து வெள்ளைப்பூச்சி வரும், போகும். ஒருநாள் அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் ஏன் அவ்வளவு தூரம் போறியள்? நான் கருவாடு கழுவி ஊத்திற இடத்தில வந்து பாருங்கோ. காலமை காலமை எவ்வளவு வண்ணாத்திப்பூச்சி." போய்ப் பார்த்தேன். குசினிக்குப் பின்னால், நாயாற்றுக் கருவாடு கழுவிய தண்ணீர் ஊறின மண்ணில், மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பாய் விரித்த அளவுக்கு இருந்தன. உப்புக்கு வருகின்றன. அதற்குப் பிறகு ஆற்றுக்குப் போகும்போதெல்லாம் அவள் ஒரு போத்தலில் கருவாட்டுத் தண்ணீர் அடைத்துத் தருவாள். நாறும். பஸ்ஸில் கொண்டுபோனால் இறக்கிவிடுவார்கள். அந்தப் போத்தலுக்குப் பிறகுதான் என் படங்கள் படங்களாக வந்தன. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "பொறுமை வேணும்," என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன்.

அந்த வைகாசி. குளத்தில் தண்ணீர் குறைவு, எங்கள் பக்கத்துக்குச் சிறுபோக விதைப்பு இல்லை என்றுவிட்டார்கள், கை சும்மா இருந்தது. ஒரு பிலிம் சுருள் வாங்கிவைத்திருந்தேன். ஒரு சுருளுக்கு எட்டுப் படம், அவ்வளவுதான். எங்கள் கலியாணம் உலகச் சண்டைக்காலத்தில் நடந்தது, அப்போது பிலிமுக்கு எங்கே போவது, ஆகவே அம்மாவைப் படம் எடுத்ததே இல்லை. அவள் வாய்விட்டு எதையும் கேட்கிறவள் அல்ல. அந்தக் கோடையில் ஒருநாள் கேட்டாள். "என்னையும் பிள்ளையையும் ஒருக்கா எடுங்கோவன்." நான், "எட்டாவது உமக்குத்தான்," என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன். ஏழும் முடிந்த அன்றைக்கு அவளை ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். படத்தில் நிறம் வராது என்று சொன்னேன். "எனக்குத் தெரியும். உடுத்தினா நிக்கிற நிலை வேற மாதிரி வருமெல்லே," என்றாள். ஒரு கையில் சோற்றுப் பார்சல், மறுகையில் நீ. கருவாட்டுப் போத்தலையும் மறக்கவில்லை. போனவுடனே அவள்தான் அதை மணலில் ஊற்றினாள்.

வெயில் மரங்களுக்கு மேலே வரட்டும், முகத்தில் நிழல் விழாது என்று காத்திருந்தோம். அப்போதுதான் அது வந்தது. கருநீலம், உள்ளங்கையை விரித்த அளவு, பின்செட்டையில் வெளிர்நீலமும் கறுத்தப் பொட்டுகளும். இரண்டு கோடையாக அதைத் துரத்தியிருக்கிறேன். தலைக்கு மேலால் போகுமே தவிர இறங்காது. அன்றைக்கு அம்மா ஊற்றிய ஈரத்தில் வந்து இறங்கி, செட்டையை விரித்தபடி இருந்தது. நான் வில்லையை ஒட்டினேன். நீ நூலோடு ஊர்ந்தாய். நூல் நேரானது. அமத்தினேன். மகள், அந்த நேரம் எனக்கு அம்மாவின் நினைவே வரவில்லை. அவள் மூன்றடி பின்னால் நின்றாள்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அந்த இடத்தில் நான், "இஞ்சேரும், எட்டாவது போயிட்டுது, மன்னிச்சுக்கொள்ளும்," என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். சொல்ல வெட்கமாக இருந்தது. "அது ஏழாவது, இன்னும் ஒண்டு கிடக்கு," என்றேன். முடிந்த பிலிமைக் கடைசிவரைக்கும் சுற்றினேன். சுற்றாமல் அமத்தினால் நீலத்தின் மேல் உங்கள் இருவரின் உருவமும் விழுந்து அந்தப் படம் கெட்டுவிடும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வில்லையைக் கழற்றினேன். எட்டடி தள்ளிப் போனேன். "கொஞ்சம் இடப்பக்கம் வாரும், பிள்ளை நிமிர்ந்து நில்," என்றெல்லாம் சொன்னேன். ஒரு குறையும் வைக்கவில்லை. கமராவின் மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். அதில் இடம் வலமாகத் தெரியும். அவளுடைய வலக்கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ மற்றப் பக்கம் நின்றாய். அவள் கண்வெட்டாமல் பார்த்தாள். வாயை மூடிச் சிரித்தாள், முன்பல் ஒன்று கொஞ்சம் உடைந்தது என்று அவளுக்கு ஒரு கூச்சம். "டிக்" என்றது. உள்ளே எடுக்கப் பிலிம் மிச்சம் இல்லை.

புதுச் சுருள் வாங்கி ஒருநாள் எடுத்துவிட்டால் சரி, பிறகு இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அந்தச் சுருளைக் கழுவக் கொடுத்தால் படம் இல்லாதது தெரிந்துவிடும். ஆகவே இரண்டு தரம் யாழ்ப்பாணம் போயும், மறந்துவிட்டேன் என்று சொல்லி, கமராவை அலுமாரிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனேன். புதுச் சுருளையும் வாங்கவில்லை. அம்மா ஒரு தரமும் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்து ஆறுதல்பட்டேன்.

ஐப்பசி மழையோடு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் கிளிநொச்சி ஆசுபத்திரியில் இருந்தாள். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம், உனக்கு இது தெரியாது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு பகலில், என் கையைத் தட்டிச் சொன்னாள்: "அடுத்த றோல் வாங்கினா முதல் படம் எனக்கு எடுங்கோ. எல்லாம் முடிஞ்சாப் பிறகு சும்மா அமத்தாதேங்கோ." கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகத்தான் சொன்னாள். ஆற்றங்கரையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் அவளும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் கண்வெட்டாமல் நின்றிருக்கிறாள், உனக்கு முன்னால் என்னைப் பொய்யனாக்கக் கூடாது என்று. நான், "நாளைக்கே வாங்கிறன்," என்றேன். மூன்றாம் நாள் அவளைத் தோளில் கொண்டுபோனோம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்க வேண்டும், முன்பக்கத்தில் போட அவளுடைய படம் வேண்டும் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். இறந்தவர்களைப் பாட்டிலும் படத்திலுமாக ஒரு புத்தகத்தில் வைத்துக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊர்ப் பூச்சியெல்லாம் படம் எடுத்தவனிடம் பெண்சாதியின் படம் இல்லை என்றால் என்ன நினைப்பார்கள்? "கமராவுக்குள்ள கிடக்கு. கழுவவேணும்," என்றேன். பெரியம்மா தங்கச்சிக்காக அழுத அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கும்பிட்டார். நீ அவருடைய மடியில் இருந்தாய். நான் சொன்னதை நீயும் கேட்டாய்.

மறுநாள் வயலுக்குப் போய்விட்டு வந்தேன். நீ அலுமாரிக்கு முன்னால் இருந்தாய். கமராவின் பின்கதவு திறந்துகிடந்தது. கறுப்புக் கடதாசியும் பிலிமும் நிலமெல்லாம். கழுவாத பிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் அழிந்துவிடும். பிலிமின் ஒரு நுனியை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, அம்மாவைக் காணேல்ல," என்றாய்.

நான் உன்னை அடித்தேன். பூவரசங்கம்பு முறியும்வரைக்கும் அடித்தேன். "கொம்மாவின்ர ஒரே படம் அதிலதான் இருந்தது, அழிச்சுப்போட்டியே," என்று வீட்டில் இருந்த எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். நீ, "நான் மெதுவாத்தான் திறந்தனான் ஐயா," என்றாய். இப்போது சொல்லப்போவதை எழுத நேற்றிரவிலிருந்து பேனையைத் தூக்கித் தூக்கி வைத்தேன். உன்னை அடிக்கும்போது எனக்கு மனதுக்குள் நிம்மதியாக இருந்தது. இனி யாரும் அந்தச் சுருளைக் கழுவச் சொல்லமாட்டார்கள். என் பொய்யை நீ காப்பாற்றிவிட்டாய். அந்த நிம்மதி வந்தது எனக்கே பொறுக்கவில்லை, ஆகவே இன்னும் அடித்தேன். கல்வெட்டில் அம்மாவின் படத்துக்குப் பதிலாகக் குத்துவிளக்குப் படம் போட்டார்கள். உன் பெட்டிக்குள் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும். அந்த விளக்கைப் பார்க்கிற ஒவ்வொரு தரமும் நீ என்ன நினைத்திருப்பாய் என்றும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சும்மா இருந்தேன். நீ அதற்குப் பிறகு கமரா இருந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. நானும் அதைத் தொடவில்லை. மனுஷி போன துக்கத்தில் பூச்சிக்காரர் பூச்சியை விட்டுவிட்டார் என்று ஊர் இரக்கப்பட்டது. அந்த இரக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் பஸ் ஏறித் தண்ணீரூற்றுக்கு வந்தேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். பெரியம்மா விறாந்தையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், கம்பு முறிந்ததுவரைக்கும். பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "இத்தனை வருஷமா அந்தப் பிள்ளையை நான் வாயால குத்திக்கொண்டு இருந்திருக்கிறன். என்னையும் ஏன் மச்சான் பாவியாக்கினனீங்கள்?" என்றார். நான் நிலத்தில் சிதறிக்கிடந்த பாக்குச் சீவல்களைப் பொறுக்கினேன். "அவளுக்கு நீங்களே சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்," என்றார். பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் இருந்து உன் முகத்தைப் பார்த்துச் சொல்வது என்றுதான் வந்தேன். ஒரு மணி பஸ்ஸின் சத்தம் கேட்டது. எழும்பி ஓடிப்போய் ஏறிவிட்டேன். உன் தகப்பன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள இதைவிட வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

கலியாணம் கட்டப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்வான். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இது என் புத்தி அல்ல, நான் இழந்தவளிடமிருந்து வந்தது. நீ போகிற வீட்டில் உனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேள். ஒரு தரம் கேட்டுக் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு தரம் கேள், சத்தமாகக் கேள். உன் அம்மாவைப்போல் எல்லாம் தெரிந்துகொண்டு சிரித்துக்கொண்டு நிற்காதே. அவள் கேட்காமல் விட்டதை நான் மறதி என்று நினைத்தேன். நாங்கள் அப்படித்தான் நினைப்போம், எங்களுக்கு அது வசதி. உன் மாப்பிள்ளை நல்ல பொடியன் என்றுதான் தெரிகிறது. அவனுக்கும் ஏதாவது ஒரு பூச்சிப் பைத்தியம் இருக்கும். இருக்கட்டும். நீ அவனுக்கு மூன்றடி பின்னால் மட்டும் நிற்காதே.

ஸ்ரூடியோக்காரர் வரட்டும் என்று நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. வேண்டும், வேண்டாம் என்று நீதான் சொல்லவேண்டும். வந்தால் முதல் படம் உன்னைத் தனியாக எடுக்கட்டும். அதில் நான் நிற்கமாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்கமாட்டேன், கலியாண வேலைகளுக்கு நடுவில் உனக்கு அது ஒரு கூடுதல் வேலை. நீ தாரைவார்க்க வேறு யாரையும் நிறுத்தச் சொன்னாலும் சரிதான், நான் பந்தலில் ஒரு ஓரமாக இருப்பேன்.

ஒன்றை மட்டும் நம்பு. நீ எதையும் அழிக்கவில்லை. உன் கையில் கெட்டது ஏழு பூச்சிப் படங்களும் ஒரு நீலமும்தான், அவை கெட்டது நல்லது. "ஐயா, அம்மாவைக் காணேல்ல," என்று அன்றைக்கு நீ சொன்னாய். அந்த வீட்டில் அந்த நேரம் உண்மை சொன்னது நீ ஒருத்திதான். அம்மாவைத் தேடித்தான் நீ அதைத் திறந்தாய், மகள். நான்தான் அவளை அதற்குள் வைக்கவில்லை.

ஐயா